வான்கோழி கேட்டைக் காத்த ஞானமுத்து அண்ணன்

செய்தியைக் கொண்டு வந்தது புத்தூர் பஸ். கார்வேட்டிநகரத்தில் வண்டி நின்றதும் கண்டக்டர் படியில் நின்றபடியே என்னைப் பார்த்துச் சொன்னான்: "மாமா, உங்க கேட்டுக்காரரு தவறிப் பூட்டாராம். ரேணிகுண்டாவுல. அவங்க பொண்ணு காலையிலயே ஸ்டாண்டுல சொல்லி அனுப்பிச்சிக்கீது."

பஸ்ஸில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களில் ஒருவர்கூட ஞானமுத்து அண்ணனை நேரில் பார்த்திருக்க மாட்டார். ஆனாலும் கேட்டுக்காரர் என்றால் யார் என்று எல்லோருக்கும் தெரியும். இந்த ரூட்டில் நான் அந்தக் கதையைச் சொல்லாத பஸ் கிடையாது. டிக்கெட் வாங்காமல் போனாலும் போவேன், கதை சொல்லாமல் போனதில்லை. அன்றைக்கு ரேணிகுண்டா வரைக்கும் வாயைத் திறக்கவில்லை. கண்டக்டர் இரண்டு தடவை வந்து, "மாமா, தண்ணி எதனா வோணுமா?" என்று கேட்டான்.

நான் போனபோது பெட்டியை மூடவில்லை. வெள்ளைச் சட்டை போட்டு, வலது கையின் மேல் இடது கையை வைத்திருந்தார்கள். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் மெழுகு உருகி உறைந்த மாதிரி அந்தத் தழும்பு. அவரை அறிந்தவர்கள் எல்லோருக்கும் அந்தக் கை தெரியும். அது வெந்த அன்று பத்தடி தள்ளி நின்றவன் நான்.

அடக்கம் முடிந்ததும் அவர் மகள் மேரி என்னிடம் வந்தாள். "மாமா, சபையில படிக்கணும். நைனாவப் பத்தி நாலு பக்கம் எழுதிக் குடுங்க. அன்னைக்கி நடந்தது உங்களுக்குத்தான் தெரியும். நீங்க லாரிச் சாவியக் கழட்டி வெளிய வீசினீங்களே, அதையும் போடுங்க" என்றாள். சரி என்றேன். அதனால்தான் எழுதுகிறேன். சாவி விஷயத்தை அதன் இடம் வரும்போது சொல்கிறேன்.

நான் எட்டாங்கிளாஸ் பாதியோடு நின்றவன். மீதியை ரோட்டில் படித்தேன். தமிழும் தெலுங்கும் எனக்கு ஒன்றுதான், இங்கிலீஷில் ஒரு லாரியின் அத்தனை பாகத்துக்கும் பெயர் சொல்வேன். சென்னைக்கும் சித்தூருக்கும் நடுவில் அந்தக் காலத்தில் எனக்கு நிகராக வண்டி ஓட்ட ஆள் கிடையாது. இதை நானே சொல்லக் கூடாதுதான், ஆனால் சொல்லக் கூடியவர்கள் எல்லாம் செத்துப் போனார்கள்.

சத்தியவேட்டுக்குத் தெற்கே ரோட்டை ஒட்டி இருந்த ஓட்டுக் கம்பெனியை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். வெள்ளைக்காரன் கட்டியது. ஓடு சுடுவதை நிறுத்தி, சூளையில் எருக்கு முளைத்துப் பல வருஷம் ஆன பிறகும் அதன் கேட்டையும் கம்பிவேலியையும் பார்க்க ஜனங்கள் பஸ்ஸை விட்டு இறங்குவார்கள். இரண்டு கதவு, யானை உயரம். யானை இல்லையென்றால் குட்டியானை. கதவு முழுக்கத் திராட்சைக் கொடி, இலைக்கு இலை நரம்பு தெரியும். ஒவ்வொரு கதவிலும் ஒரு மயில், ஒன்றையொன்று பார்த்தபடி. சீமையில் அதை வார்த்தவன் வாழ்நாளில் மயிலைப் பார்க்காதவன் போலிருக்கிறது. கழுத்துக்குக் கீழே தாடியெல்லாம் தொங்கவிட்டு வான்கோழியாக வார்த்து அனுப்பிவிட்டான். நம் ஜனங்கள் வான்கோழி கேட் என்றே பெயர் வைத்தார்கள். வேலிக் கம்பிகளின் தலையில் தாமரை மொட்டு வைக்கச் சொன்னதற்கு முட்டைக்கோசு வைத்திருந்தான். அப்படியும் அழகு. அதற்கு மேல் இரும்பில் அழகு செய்ய முடியாது.

வேலிக் கம்பிகள் மண்ணில் நட்டவை அல்ல. கம்பவுண்டைச் சுற்றி இடுப்பு உயரத்துக்குக் கருங்கல் வரிசை. கல்லில் குழி போட்டு, கம்பியின் காலை அதில் இறக்கி, காய்ச்சிய ஈயத்தை ஊற்றி இறுக்கியிருப்பார்கள். இந்த ஈயம் ஊற்றுகிற வேலைக்கு அந்தக் கம்பெனியில் இருந்த பிட்டர்தான் ஞானமுத்து அண்ணன். கம்பெனி மூடியதும் மற்றவர்கள் கிளம்பிவிட்டார்கள். அவரை மட்டும் வாட்ச்மேனாக வைத்தார்கள். கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு அறை. அதில் அவரும் அவர் சம்சாரம் சாலம்மா அண்ணியும். அப்போது மேரி அண்ணியின் வயிற்றில் எட்டு மாதம்.

தெலுங்கு ராஜ்யம் தனியாகப் பிரிந்து சில வருஷம் கழித்து எல்லை பிரித்தார்கள். திருத்தணி சென்னைப் பக்கம் போனது, சத்தியவேடு இந்த ஆந்திரப் பக்கம் வந்தது. அதற்குக் கொஞ்சம் முன்னால் அந்தக் கம்பெனியை நெல் குடோனுக்கென்று சர்க்கார் எடுத்துக்கொண்டது. சென்னை சர்க்கார் ஆபீசர் ஒருவர் வந்து, இருக்கிற சாமான் எல்லாவற்றையும் தமிழில் ஜாபிதா எழுதினார். இரும்பு கேட் ஒன்று, வேலிக் கம்பி இத்தனை சட்டம் என்று பட்டியல் போட்டு, பொறுப்பு ஞானமுத்து என்று அடியில் அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். ஆந்திர சர்க்கார் ஆபீசர் வந்து அந்த ஜாபிதாவை வைத்துச் சரிபார்த்து ஒப்புக்கொள்ள ஒரு நாள் குறித்தார்கள். ஒரு சாமான் குறைந்தாலும் கையெழுத்துப் போட்டவன் ஜெயிலுக்குப் போக வேண்டும். இதை அந்தச் சென்னை ஆபீசரே அவரிடம் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த நாளுக்கு முந்தின நாள் காலையில்தான் நான் லாரியோடு போய்ச் சேர்ந்தேன்.

கம்பெனியின் பழைய முதலாளி சென்னையில் பங்களா கட்டிக்கொண்டிருந்தார். அந்த கேட் அவருக்கு வேண்டும். அவருடைய ஏஜெண்ட் என் முதலாளியின் லாரியை வாடகைக்குப் பிடித்து, ஆறு ஆட்களையும் கடப்பாறைகளையும் ஒரு சுமை விறகையும் ஏற்றினான். சில சமயம் நான் பத்து ஆள் என்று சொல்லியிருப்பேன். ஆறுதான்.

கேட்டுக்கு முன்னால் ஏஜெண்ட் இறங்கி, "முதலாளியோட பழைய பேப்பரு, பீரோ எல்லாம் உள்ள இருக்கு. அதை எடுத்துக்கினு போக வந்தோம்" என்றான். பீரோ ஜாபிதாவில் இல்லை. ஞானமுத்து அண்ணன் கேட்டைத் திறந்தார். நான் வண்டியை உள்ளே விட்டேன். வண்டி நின்றதும் ஆட்கள் கடப்பாறையோடு குதித்தார்கள். அண்ணன் கடப்பாறையைப் பார்த்தார், விறகைப் பார்த்தார். பீரோவுக்கு விறகு எதற்கு என்று புரிய அவருக்கு எவ்வளவு நேரம் ஆகும்? திரும்பிப் போய் கேட்டை இழுத்துச் சாத்தி, நடுத் தாழ்ப்பாளைக் கல் குழியில் இறக்கி, பூட்டைப் போட்டார்.

"இன்னா செய்யறே நீ?" என்றான் ஏஜெண்ட்.

"பூட்டுறேன் சார். பீரோவ எடுத்து வண்டியில வைங்க, தொறந்து விடறேன்."

"பீரோ கெடக்குது. கேட்டும் கம்பியும் முதலாளிது. சீமையிலேருந்து துட்டு குடுத்து வரவழைச்சது அவரு பாட்டன் கூட்டாளி."

"ஜாபிதாவுல ஏறிப்போச்சு சார். நான் கையெழுத்துப் போட்டுக்கீறேன்."

ஏஜெண்ட் சிரித்தான். "எந்த சர்க்கார் ஜாபிதா? பழைய ஆபீசர் மூட்டை கட்டிக்கினு போயிட்டான். புது ஆபீசர் நாளைக்கித்தான் வருவான். இன்னைக்கி இந்த ஊரு யாருதும் இல்ல. போலீசுக்குப் போறியா? போய்க் கேட்டுப் பாரு, எந்த ஸ்டேசன்னு."

அது உண்மை. அன்றைக்கு அந்த ஊரில் சொல்லிக்கொள்ள ஒரு சர்க்கார் இல்லை.

அண்ணன் கேட்டை விட்டு நகரவில்லை. சாலம்மா அண்ணி அறை வாசலில் வயிற்றைப் பிடித்தபடி நின்றிருந்தார். "கையெழுத்து போட்டவன் காலு எங்க ஓடினாலும் கை அந்தப் பேப்பருலதான் இருக்கும்" என்று அவர் அண்ணியிடம் சொன்னது என் காதில் விழுந்தது. பின்னாளில் வேறு பல விஷயத்துக்கும் இதே வார்த்தையைச் சொல்லுவார். அன்றுதான் முதலில் கேட்டேன்.

ஏஜெண்ட் விவரமானவன். கேட் கனமானது, அதைக் கடைசியில் எடுத்து மேலே படுக்க வைக்கலாம், முதலில் வேலியை ஏற்று என்றான். ஆட்கள் கல் வரிசையில் விறகை அடுக்கித் தீ மூட்டினார்கள். கல் சூடேறி, ஈயம் உருகி வழிந்தது. வழிந்ததை ஒரு இரும்புச் சட்டியில் பிடித்தார்கள், ஈயத்துக்கும் விலை உண்டே. பதினோரு மணிக்குள் கம்பிகள் கோத்த நாலு சட்டங்களைப் பிடுங்கி, வண்டியில் நீட்டுவாக்கில் ஏற்றியாகிவிட்டது. ஒவ்வொரு சட்டமும் கல்லை விட்டு வரும்போது பல் பிடுங்குகிற மாதிரி ஒரு சத்தம். அந்தச் சத்தம் வரும்போதெல்லாம் அண்ணன் அங்கே பார்ப்பார்.

நான் லாரி நிழலில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தேன். அவர் என்னிடம் வந்து, "டிரைவர், ஒனக்கு எந்த ஊரு?" என்று கேட்டார். கார்வேட்டிநகரம் என்றேன். "அப்போ நாளையிலேருந்து நம்ம ஜில்லாக்காரன்" என்றார். "நான் வண்டி ஓட்டத்தான் வந்தேன், என்கிட்ட ஏன் பேசுற?" என்றேன். பெருமைக்குச் சொல்லவில்லை, அப்படித்தான் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

மத்தியானம் ஆட்கள் கட்டுச்சோறு பிரித்தார்கள். ஏஜெண்டும் உட்கார்ந்தான். சட்டி தணலின் மேலேயே இருந்தது, உள்ளே ஈயம் கண்ணாடி மாதிரி பளபளத்தது. ஞானமுத்து அண்ணன் எழுந்து வந்து, ஈரமில்லாத கோணிச் சாக்கை மடித்து, சட்டியின் காதுகளைப் பிடித்துத் தூக்கினார். சட்டியை ஓரமாக வைக்கிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஒரு சொட்டுச் சிந்தாமல், தாம்பாளத்தில் சீர்வரிசை எடுத்துப் போகிற மாதிரி, எங்கள் எதிரிலேயே நடந்து கேட்டுக்குப் போனார். நடுத் தாழ்ப்பாள் இறங்கியிருக்கும் கல் குழியின் பக்கத்தில் குந்தினார். அப்போதுதான் ஏஜெண்டுக்கு உறைத்தது. "டேய், பிடிங்கடா அவனை!" என்று கத்தினான்.

அண்ணன் ஊற்றினார்.

ஈயம் ஊற்றுகிறவர்களுக்கு முதல் பாடம், குழி காய்ந்திருக்க வேண்டும். ஈரம் இருந்தால் ஈயம் வெடிக்கும். இது அவருக்குத் தெரியாததா? அந்தக் கம்பெனியின் குழி ஒவ்வொன்றும் அவர் ஊற்றியது. ஆனால் சாலம்மா அண்ணி தினமும் விடிந்ததும் கேட்டு வாசலில் தண்ணீர் தெளிப்பார். கம்பெனி மூடினாலும், யாரும் வராவிட்டாலும், ரோட்டுப் புழுதி அடங்கட்டும் என்று ஒரு குடம் தண்ணீர். அன்றைக்கும் தெளித்திருந்தார். குழிக்குள் தண்ணீர் நின்றிருந்தது.

டப்பென்று ஒரு சத்தம். வெள்ளையாகப் புகை. ஈயம் விசிறியடித்து அவர் இடது கையின் மேல் விழுந்தது. நான் எழுந்துவிட்டேன். ஆட்களில் ஒருவன் சோற்றுக் கையோடு ஓடினான். அண்ணன் சட்டியை விடவில்லை. பல்லைக் கடித்த சத்தம் மட்டும் கேட்டது. ஒரு மூச்சு பொறுத்தார். முதல் ஊற்று வெடித்ததில் குழி காய்ந்துவிட்டது. மீதி ஈயத்தைச் சாய்த்தார். இந்தத் தடவை சத்தமில்லை. ஈயம் தாழ்ப்பாளைச் சுற்றிக் குழி நிறைய ஏறி, விளிம்பில் நின்று, பார்த்துக்கொண்டிருக்கும்போதே மங்கி உறைந்தது. அதற்குப் பிறகுதான் சட்டியைக் கீழே வைத்தார்.

"ஈயம் ஊத்துறவன் ஊத்தறதுக்கு முன்னால ஆயிரம் யோசிக்கணும். ஊத்த ஆரம்பிச்சா நிறுத்தக் கூடாது" என்று பின்னாளில் சொல்வார். "முப்பது வருசமா ஈயம் ஊத்துனவன், கட்டினவ தண்ணி தெளிப்பாளேன்னு மறந்துட்டேன் பாரு" என்றும் சொல்லிச் சிரிப்பார். அண்ணி மட்டும் அதற்குச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அப்போது அண்ணி சுண்ணாம்புத் தெளிவையும் தேங்காய் எண்ணெயையும் கலக்கி எடுத்து வந்தார். கை ஆடாமல் பூசிவிட்டார். வாய் மட்டும் ஜெபம் மாதிரி எதையோ முணுமுணுத்தது. பூசி முடித்ததும் அண்ணன், "நீ உள்ள போ" என்றார். பிறகு கேட்டின் நடுவில், அந்தக் குழியின் மேலேயே, கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார்.

இப்போது நிலைமை என்னவென்றால், கேட் திறக்காது. கல் வரிசையைத் தாண்டி லாரி போகாது. வண்டியும் சரக்கும் உள்ளே. நாளைக் காலையில் ஆபீசர் வந்தால் ஏஜெண்ட் கையும் களவுமாகச் சிக்குவான். அவன் முகம் கறுத்தது. ஆட்களைப் பார்த்து, "அந்தக் குழியாண்ட நெருப்பு போடுங்கடா. ஈயம் எப்படி ஏறிச்சோ அப்படியே எறங்கும்" என்றான்.

ஆட்கள் அசையவில்லை. அவர்களுக்கு மூத்தவன் முனிரத்தினம் என்று ஒருவன், சோற்றுக் கையோடு ஓடியவன். "கை வெந்த மனுசன் குழி மேலயே ஒக்காந்துக்கினு கீறாரு. எங்க போடறது நெருப்ப?" என்றான்.

"தூக்கி அந்தாண்ட போடு."

"நீ தூக்கு சார். நாங்க கம்பி தூக்க வந்தோம்."

ஏஜெண்ட் என் பக்கம் திரும்பினான். "டிரைவர், வண்டிய எடு. முட்டு. ஈயம் தானே, பிச்சுக்கும்."

"ஆளு ஒக்காந்துக்கினு கீறாரு சார்."

"நடுவுலதானே கீறான். நீ வலது கதவுல முட்டு. வண்டி வர்றதப் பாத்தா எழுந்து ஓடுவான். எடுக்க மாட்டேன்னா சொல்லு, ஒன் முதலாளிக்கிட்ட சொல்லிக்கிறேன். நாளைக்கி வேற டிரைவர் இந்த சீட்டுல ஒக்காருவான்."

இந்த இடத்தில்தான் சாவி. இவ்வளவு வருஷமாக பஸ்ஸிலும் டீக்கடையிலும் கல்யாணப் பந்தலிலும் நான் சொல்லி வந்தது உங்களுக்குத் தெரியும். நான் சீட்டிலிருந்து குதித்தேன், சாவியைக் கழற்றினேன், "ஒன் லாரியும் வேணாம், ஒன் சோறும் வேணாம்" என்று சொல்லி வேலிக்கு மேலே ரோட்டில் வீசினேன் என்று. நான் சொல்லும்போது ஞானமுத்து அண்ணன் பக்கத்தில் இருந்தால் ஜனங்கள் அவரைத் திரும்பிப் பார்ப்பார்கள். அவர் "ஆமாம்பா" என்பார். அதோடு சரி. ஒரு தடவைகூடத் திருத்தியதில்லை.

அவர் பெட்டி குழியில் இறங்கியபோது, இனிமேல் ஆமாம்பா சொல்ல ஆள் இல்லை என்று எனக்குத் தோன்றியது. அதனால் நடந்ததை எழுதுகிறேன். மேரி, நீ மன்னிக்க வேண்டும்.

நான் சாவியை வீசவில்லை. வண்டியில் ஏறினேன். ஸ்டார்ட் செய்தேன். முதல் கியர் போட்டேன். இந்த சீட்டில் வேறொருவன் உட்காருவான் என்றதுதான் காதில் இருந்தது. எனக்கு அப்போது இருபத்து நாலு வயது, வீட்டில் என் சோற்றை நம்பி ஐந்து பேர். வலது கதவுதானே, ஆள் மேல் படாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வண்டி நகர்ந்தது.

அண்ணன் என்னையே பார்த்தார். வண்டி எந்தப் பக்கம் வருகிறது என்று பார்த்தார். பிறகு, ஓடுவதற்குப் பதில், உட்கார்ந்தபடியே நகர்ந்து வலது கதவுக்கு வந்தார். வெந்த கையை மடியில் வைத்துக்கொண்டு, வான்கோழிக்கு நேர் கீழே, என் பம்பருக்கு நேர் எதிரில் சாய்ந்துகொண்டார். "ஐயோ ஐயோ" என்று சாலம்மா அண்ணி கத்தியது எனக்கு இஞ்சின் சத்தத்துக்கு மேலே கேட்டது.

வண்டி குலுங்கி நின்றது. அவர் தலைக்கும் பம்பருக்கும் நடுவில் ஒரு சாண். நின்ற வேகத்தில் கேபின் கூரைக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த கம்பிச் சட்டம் ஒன்று முன்னால் வழுக்கி, அதன் முட்டைக்கோசுத் தலை வான்கோழியின் மூக்கில் மோதியது. மூக்கு ஒடிந்து அவர் மடியில் விழுந்தது.

இஞ்சின் அணைந்திருந்தது. என் கை ஸ்டீரிங்கை விட்டு வரவில்லை, முனிரத்தினம்தான் ஏறி விரல்களைப் பிரித்துவிட்டான்.

"டிரைவர்," என்றார் அண்ணன். "எறங்கி வந்து தண்ணி குடி."

அந்தத் தண்ணீரைக் குடித்தேன். ஏஜெண்ட் கொஞ்ச நேரம் கத்தினான். ஆட்கள் யாரும் திரும்பாததைப் பார்த்து, வேலியைத் தாண்டிப் போய் ஊத்துக்கோட்டை பஸ்ஸைப் பிடித்தான். தாண்டும்போது வேட்டி கம்பியில் மாட்டிக் கிழிந்தது. இதை நான் சேர்த்துச் சொல்லவில்லை, உண்மையாகவே கிழிந்தது. பொழுது சாய்வதற்குள் முனிரத்தினமும் ஆட்களும் நானும் நாலு சட்டங்களையும் இறக்கிக் கல்லில் நிறுத்திவிட்டோம். ஈயம் ஊற்றவில்லை, சும்மா சொருகி வைத்தோம்.

மறுநாள் ஆபீசர் ஜீப்பில் வந்தார். கேட் திறக்காததால் ஒரு ஸ்டூல் போட்டு, கல் வரிசையில் ஏறி வேலியைத் தாண்டி வர வேண்டியதாயிற்று. வந்த கோபம் முகத்தில் இருந்தது. ஜாபிதா தமிழில். அவருக்கும் அவர் குமாஸ்தாவுக்கும் தமிழ் படிக்கத் தெரியாது. "நுவ்வே சதுவு" என்று, படிக்கச் சொல்லி ஞானமுத்து அண்ணனிடமே கொடுத்தார். எதை விட்டுவிட்டுப் படித்தாலும் யாருக்கும் தெரியாது. அண்ணன் வலது கையில் பிடித்து ஒரு வரி விடாமல் படித்தார். நான் தெலுங்கில் சொல்லிக்கொண்டே வந்தேன். என் தெலுங்கைக் கேட்டு ஆபீசர் அசந்துபோனார்.

"இந்த லாரி?" என்றார்.

"கம்பி ஏத்திக்கினு இருந்த லாரி சார். கம்பிய எறக்கியாச்சு" என்றார் அண்ணன். அது பொய்யில்லை.

"கேட்டு தெருசுகோதா?" திறக்காதா என்று கேட்டார்.

"இரும்பு கேட் ஒன்றுன்னுதான் சார் ஜாபிதாவுல போட்டிருக்குது. தொறக்கற கேட்டுன்னு போடல."

குமாஸ்தா சிரித்துவிட்டான். ஆபீசர் சிரிக்கவில்லை. வலது கதவுக்குப் போய் நின்றார். மூக்கு ஒடிந்த இடத்தில் இரும்பு புதுசாக வெளுத்துத் தெரிந்தது. விரலால் தடவினார். யார் உடைத்தது என்று தெலுங்கில் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். என் வண்டியைப் பார்த்தார். அந்தக் கேள்வியைத் தமிழில் சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. நான் உடைத்தேன் என்றால் எனக்கு ஜெயில். யார் உடைத்தது தெரியாது என்றால் பொறுப்பாளிக்கு ஜெயில்.

ஞானமுத்து அண்ணன் சபையில் மூப்பர். ஓலையில் எழுதினாலும் வாயால் சொன்னாலும் ஒன்று என்று நம் ஜனங்கள் அவரைப் பற்றிச் சொல்வார்கள். அவர் கேள்வி புரிந்து, என் மொழிபெயர்ப்புக்குக் காத்திருக்காமல், அவருக்குத் தெரிந்த தெலுங்கிலேயே பதில் சொன்னார். "சீமனுஞ்சி வச்சினப்புடே அட்லே உந்தி சார்." சீமையிலிருந்து வந்தபோதே அப்படித்தான் இருந்ததாம். ஒடிந்த மூக்கு அந்த நேரம் அவர் இடுப்பில், வேட்டி மடிப்புக்குள் இருந்தது.

ஆபீசர் அவரைப் பார்த்தார். கட்டுப் போட்ட கையைப் பார்த்தார். பிறகு குமாஸ்தாவைப் பார்த்து, "கேட்டு ஒகட்டி, சரி. ராசுகோ" என்றார். எழுதிக்கொண்டான்.

ஆபீசர் போன பிறகு குழியருகே நெருப்பு மூட்டி ஈயத்தை இறக்கி வண்டியை வெளியே எடுத்தோம். அதற்குப் பிறகு அண்ணனுக்கு ரேணிகுண்டா ஒர்க்ஷாப்பில் வேலை கிடைத்ததும், மேரி பிறந்ததும், நான் சொந்த லாரி வாங்கியதும் உங்களுக்குத் தெரிந்தவை. சென்ற மழைக்காலத்தில் அவரைப் பார்க்கப் போயிருந்தேன். அவருக்குக் கண் மங்கியிருந்தது. பக்கத்தில் யாரும் இல்லை. என்றைக்கும் கேட்காததை அன்று கேட்டேன்.

"அண்ணே, அன்னைக்கி நான் பிரேக் மிதிச்சனா? இல்ல வண்டி தானா அணைஞ்சுதா?"

எனக்கே தெரியாது. அந்த வண்டி முதல் கியரில் அடிக்கடி அணைந்து போகும். என் காலை நான் எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்திருக்கிறேன், அது பதில் சொன்னதில்லை. அந்தத் தெரியாமையை மூடத்தான் சாவியை எடுத்து வீசினேன் என்று சொல்லித் திரிந்தேன் போலிருக்கிறது.

அவர் யோசிக்கவே இல்லை. "மிதிச்சே" என்றார். "ஒன் வலது தோளு எறங்கிச்சு. நான் கண்ணாடி வழியா ஒன்னத்தானே பாத்துக்கினு இருந்தேன். பிரேக்க மிதிக்காம தோளு எறங்குமா?"

அவர் உண்மையாகவே பார்த்தாரா, இல்லை எனக்காகச் சொன்னாரா? மத்தியான வெயிலில் லாரிக் கண்ணாடிக்குள் ஒரு ஆளின் தோள் வெளியிலிருந்து தெரியுமா என்று, அவர் சொன்ன பிறகு எத்தனையோ வண்டிகளின் முன்னால் நின்று பார்த்துவிட்டேன். சில நேரம் தெரிகிறது. சில நேரம் வானம்தான் தெரிகிறது. எனக்காக ஒரு பொய்யை ஒரு ஆபீசரிடம் சொன்னவர், இன்னொன்றை என்னிடமே சொல்லியிருக்க மாட்டாரா?

கேட்க இனிமேல் ஆள் இல்லை. ஆனாலும் அவரிடமிருந்து என்னிடம் இருப்பது இதுதான்: வெந்த கையோடு என் வண்டிக்கு எதிரில் உட்கார்ந்திருந்த ஒரு மனுஷர், என் தோள் இறங்கியதைப் பார்த்ததாகச் சொன்னார். நான் மிதித்தேன் என்றார். இதில் ஒரு வார்த்தை சேர்க்க மாட்டேன்.